அமராவதியின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நாட்டரசன்கோட்டை எங்கள் ஆயா வீட்டு ஊர். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அங்கே கம்பர் சமாதிக்குக் கூட்டிப்போய், மண்ணைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் தடவிவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் மருமகளுக்கு அம்பிகாபதி கதை சொன்னேன். கம்பர் மகன் அம்பிகாபதி சோழன் மகள் அமராவதியை விரும்பியது, சிற்றின்பம் கலக்காமல் 100 பாட்டுப் பாடினால் உயிர் தப்பலாம் என்று ராஜா சொன்னது, முதலில் கடவுள் வணக்கமாகப் பாடும் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி 99-லேயே எட்டிப் பார்த்தது, அவளைக் கண்டதும் இவன் காதல் பாட்டுப் பாடித் தலையைக் கொடுத்தது, எல்லாம். “ஒரு பொண்ணு கணக்குத் தப்பினதாலதான் செத்தானா? இதை என் மகளுக்குச் சொல்லாதீங்க அத்தை” என்றுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இது நடந்த கதைதானா?

தேவகோட்டை வாசகி

அன்புள்ள ஆச்சி,

நடந்ததா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். கல்வெட்டில் ஆதாரம் இல்லை. தனிப்பாடல்களும் அவற்றைச் சுற்றி வளர்ந்த வாய்மொழியும்தான் நம் கையில் இருப்பவை. கம்பர் காலமே இழுபறி. ‘எண்ணிய சகாத்தம் எண்ணூற்றேழு’ என்று சக ஆண்டில் கணக்குச் சொல்லும் பாட்டை நம்பினால் ராமாயணம் அரங்கேறியது கி.பி. 885. கதையில் காதலைப் போட்டுக்கொடுக்கும் ஒட்டக்கூத்தரோ விக்கிரம சோழன் தொடங்கி மூன்று சோழர்களின் சபையில் புலவராக இருந்தவர், 12-ஆம் நூற்றாண்டு. இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் கம்பரை முந்நூறு வருடம் கீழே இறக்க வேண்டும். பலரும் அப்படி இறக்கவும் செய்கிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம். உங்கள் மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. காப்பை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்பது புலவர்கள் வழக்கம். அபிராமி அந்தாதி 100 பாட்டு என்கிறோம், காப்பையும் நூற்பயனையும் விட்டுவிட்டுத்தான். திரைக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணியவளுக்குக் காப்பும் ஒரு பாட்டாகத்தான் பட்டிருக்கும். அதில் என்ன தப்பு? வாளைத் தீட்டி வைத்தவன் ராஜா. நிபந்தனை போட்டவனும் அவன். ஆனால் கதை சொல்கிறவர்கள் அந்த 99-இல் வந்து நின்று மூச்சு வாங்குவார்கள். கேட்கிறவர்கள் “அடடா, ஒண்ணு பொறுத்திருக்கக் கூடாதா” என்பார்கள். அந்த அடடாவில் ராஜா நழுவிவிடுகிறான். 1937-லும் 1957-லும் படமாக வந்தபோதும் ஊர் பேசியது இந்த எண்ணிக்கையைத்தான்.

இன்னொரு வேடிக்கை. அம்பிகாபதி பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் நூல் அம்பிகாபதிக் கோவை. கோவை என்றாலே களவும் கற்பும்தான், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய மறைவான காதலும் பிந்தைய வாழ்க்கையும். அப்பேர்ப்பட்டவனிடம் காதலே வராமல் 100 பாட்டுக் கேட்டால், அது கொல்வதற்கென்றே வைத்த பரீட்சை.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மையம் காதலர்கள் இல்லை, அப்பா கம்பர்தான். அரண்மனை விருந்தில் அமராவதி வட்டில் ஏந்தி வருகிறாள். மகன் தன்னை மறந்து ‘இட்டடி நோவ, எடுத்தடி கொப்பளிக்க, வட்டில் சுமந்து மருங்கசைய’ என்று பாடிவிடுகிறான். வைத்த அடி நோகிறதாம், எடுத்த அடி கொப்பளிக்கிறதாம். பெற்றவன் எதிரிலேயே மகளைப் பற்றி! ராஜா முகம் மாறுவதற்குள் கம்பர் வெண்பாவைப் பிடித்துக்கொள்கிறார்: ‘கொட்டிக் கிழங்கோ கிழங்கென்று கூறுவாள்’. வெயிலில் கொட்டிக்கிழங்கு விற்றுப்போகும் கிழவியைப் பாடினானாம் பையன். வெளியே போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒருத்தி கூவிக்கொண்டு போகிறாள், சரஸ்வதியே வந்தாள் என்பார்கள். ஒரு தனிச்சொல்லில் மகன் உயிரை மீட்ட தகப்பன். அடுத்த தடவை அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை, சபையில் எல்லோரையும் போல உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று.

அப்புறம் அவர் சோழ நாட்டை விட்டு வெளியேறி, தென்னாட்டில் அலைந்து, கடைசியில் உங்கள் ஆயா ஊரில் அடங்கினார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவின் நிறைவு நாள், பங்குனி அத்தத்தன்று, அந்தச் சமாதியில்தான் நடக்கிறது. காதலர்களுக்குச் செட்டிநாட்டில் ஒரு கல்கூட இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரின் மண்ணைத்தான் பிள்ளைகளுக்கு எழுத்து வர நாக்கில் வைக்கிறோம்.

மகன் போனபின் கம்பர் பாடியதாகத் தனிப்பாடல் ஒன்று உண்டு, ‘பரப்போத ஞாலம் ஒரு தம்பி ஆள’ என்று தொடங்கும். நாட்டை ஒரு தம்பி ஆள, இன்னொரு தம்பி கூட வர, மனைவியோடு காட்டுக்குத்தானே போனான் தசரதன் மகன்? அதற்கே தசரதன் உயிர் போய்விட்டது. என் நெஞ்சுதான் எவ்வளவு கெட்டி, எனக்கு யாரை உவமை சொல்வது என்கிறார். தசரதன் புலம்பலைப் பக்கம் பக்கமாக எழுதிய கை இது என்று நினைத்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

மருமகளிடம் அந்த நாலு வரியைப் படித்துக் காட்டுங்கள். அதில் 99-உம் இல்லை, அமராவதியும் இல்லை. பேத்திக்கு இப்போதைக்குக் கிழங்குக்காரி கதை போதும்.