தம்பிக்கு ஓர் இன்லண்ட் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக உங்களைப் படிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்யாணமாகி பொள்ளாச்சியில் இருக்கிறேன். என் தம்பி லாரி டிரைவர். ஐந்து மாதத்துக்கு முன் வாளையாரில் அவன் ஓட்டி வந்த வண்டியில் கஞ்சா பிடிபட்டது. தனக்குத் தெரியாது என்கிறான். இப்போது மலம்புழா ஜில்லா ஜெயிலில் ரிமாண்டில் இருக்கிறான்.

அம்மாவும் நானும் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்போம். போன முறை, "இனிமே யாரும் வராதீங்க, என்னை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். அவன் சொன்னபடி விட்டுவிடுவதா, மீறிப் போவதா என்று தெரியவில்லை. இப்படி ஒரு தம்பி இருப்பதையே வெளியில் சொல்லாதே என்கிறார் மாமியார். ஜெயிலிலிருந்து வந்த போனை, அவர் பக்கத்தில் இருந்ததால் இரண்டு தடவை கட் பண்ணிவிட்டேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததும் தம்பிக்குத் தெரியாது. உள்ளே இருந்துகொண்டு கவலைப்படுவானே என்று சொல்லவில்லை. அவன் வளர்த்த புறாக்களுக்கு அம்மாதான் தீனி போடுகிறாள். அவன் திருந்துவதற்கு நல்ல புத்தகங்கள் சொல்ல முடியுமா?

(பெயர் வேண்டாம்), பொள்ளாச்சி

*

அன்புள்ள அம்மிணிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் மகள் வயதுப் பெண்ணை இப்படித்தான் கூப்பிடுவோம், தப்பாக நினைக்க வேண்டாம்.

புத்தகம் இப்போது வேண்டாம். திருந்துவதற்கு என்று கொடுத்த புத்தகத்தை எவனும் பிரித்துப் பார்க்க மாட்டான். மாமியார் சொல்வதையும் விடுங்கள். உங்கள் தம்பி இன்னும் குற்றவாளி ஆகவில்லை, விசாரணைக் கைதி. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் அவனைப்போலத் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள். கோர்ட்டு இன்னும் சொல்லாததை உங்கள் வீட்டுக் கூடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வழக்கைப் பற்றி ஒன்று மட்டும். எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் சட்டம் அதை வியாபார அளவு என்கிறது, ஜாமீன் மிகவும் கடினம். அதற்கு மேல் போகவில்லை என்றால் நிலைமை வேறு. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் ஊரில் யாரிடமும் கையேந்த வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணி வழி கேளுங்கள்.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். உள்ளே இருப்பவன் நினைத்த நேரத்தில் போனை எடுத்துப் பேச முடியாது. அவன் முறை வரவேண்டும், அதுவரை வரிசையில் நிற்க வேண்டும், பின்னால் இன்னொருவன் அவசரப்படுத்திக்கொண்டு நிற்பான். அப்படி நின்று உங்கள் எண்ணை அழுத்தியிருக்கிறான். இரண்டு ரிங் போய் கட் ஆகியிருக்கிறது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் "வராதீங்க" என்று சொன்னானா, அதற்கு முன்னாலா? தேதி போட்டுப் பாருங்கள். அவன் சொன்னதை அவன் முடிவு என்று எடுத்துக்கொண்டு எனக்குக் கேள்வி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு தடவை சொன்னதைத்தான் அவன் வாயால் திருப்பிச் சொல்லியிருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. அடுத்த தடவை மாமியார் இருந்தாலும் போனை எடுங்கள். "தம்பிதான் பேசறான்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு எடுங்கள்.

போய்ப் பார்க்கலாமா என்றால், போங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. உறவுகள் வந்து பார்ப்பது கைதிக்கு யாரோ போடுகிற பிச்சையில்லை. 1979-ல் திகார் சிறைக்குள்ளிருந்து ஒரு கைதி, இன்னொரு கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி உச்ச நீதிமன்றத்து நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு எழுதியவர் நம் பாலக்காட்டுக்காரர், வி.ஆர். கிருஷ்ணய்யர். குடும்பத்தார் வந்து பார்ப்பது அடைபட்டவனுக்கு ஆறுதல், அதைப் பறித்து மகிழ்வது மனிதத்தன்மை அற்றுப்போன ஓர் அமைப்பால்தான் முடியும் என்ற பொருளில் அதில் எழுதினார். அவர் 1948-ல் தானே சிறையில் இருந்தவர். 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையையும் பார்த்தவர். கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்ற மனுஷன் எழுதிய வரி என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பிடிப்பு.

நான் உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன வாரம் எங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் பத்து இன்லண்ட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுல இன்னும் யாருக்கு சார் எழுதறீங்க?" என்று கேட்டது. எங்கள் தெருப் பையன் ஒருவன் உள்ளே இருக்கிறான், அவனுக்கு மாதம் ஒன்று எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நாலு நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது உங்கள் கடிதம் வந்தது.

1972-ல் எனக்கு 11 வயது. வாய்க்கால் தண்ணீர் முறை வைப்பதில் தகராறு வந்து, அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கை கடைசிவரை விளங்கவில்லை. அதே தெருவில்தான் இருந்தார். பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அந்தக் கையைப் பார்ப்பேன். அப்பா செய்ததை நான் எந்தக் காலத்திலும் சரி என்று சொன்னதில்லை. ஜெயிலில் இருந்த அவருக்குக் கடிதம் எழுதுவதற்கு அதைச் சரி என்று சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் இன்லண்டில் எழுதுவேன். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி, நெற்றியில் வெள்ளை, வெள்ளச்சி என்று கூப்பிடுகிறோம். வடக்கோரத் தென்னைக்கு மண் அணைத்தாயிற்று. கிணற்றில் நாலு முழம் தண்ணீர் இருக்கிறது. இதையெல்லாம் எதற்கு எழுதுவது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். 'எப்போது வருவீர்கள்' என்று நானாக ஒரு வரி சேர்ப்பேன். அப்பாவின் பதிலில் அந்த வரிக்கு மட்டும் பதில் இருக்காது. கிணற்றுக்கு இருக்கும், கன்றுக்கு இருக்கும்.

கடிதத்தைப் படித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கொடுப்பார்கள். அந்த ஜெயிலின் பெயர் வேண்டாம். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் ஒரே ஒருவர். அவர் லீவில் போனால் எங்கள் கடிதம் வாரக்கணக்கில் மேஜையிலேயே கிடக்கும். பக்கத்துச் செல்லில் இருப்பவனுக்கு மலையாளக் கடிதம் நாலு நாளில் வந்துவிடுகிறது என்று அப்பா எழுதினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் இரண்டாம் பாடம், ஓரளவு எழுதுவேன். அம்மா தமிழில் சொன்னதை மலையாளத்தில் எழுதிப் போட்டேன். சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. பெருமையாக இருந்தது.

அப்பா மலையாளம் சரளமாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. அந்த நினைப்பே எனக்கு இல்லை. பதில் வந்தது: "தமிழிலேயே எழுது சாமி. ஒரு மாசம் ஆனாலும் பரவால்ல. இதை இன்னொருத்தன் படிச்சுக் காட்டறான். உங்கம்மா எனக்குச் சொன்னது அவன் வாயில இருந்து வருது."

ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போதும் அந்த வரியை நினைத்தால் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடாது. அவருக்கு வேண்டியிருந்தது சேதி மட்டுமில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தானே எடுத்து, தானே படிக்க ஒரு தாள் வேண்டியிருந்தது. போனில் பேசிய ஐந்து நிமிடம் முடிந்ததும் கையில் ஒன்றும் இருக்காது. வீடியோவில் பார்க்கவும் இப்போது இ-முலாகாத் என்ற அரசு இணையப் பக்கம் இருக்கிறது, பதிவு செய்து பாருங்கள், நல்லதுதான். அதுவும் முடிந்தால் முடிந்ததுதான். கடிதம் தலைமாட்டில் இருக்கும். இரண்டரை ரூபாய் இன்லண்ட், உள்ளே எதையும் வைத்து ஒட்ட முடியாது, பிரித்துப் படிப்பவருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம் அந்த ஸ்டென்ட் விஷயம். அம்மிணி, இதைப் படித்தபோது உங்கள் மேல் வந்த கோபம் போனை கட் பண்ணியதற்குக் கூட வரவில்லை. என் அப்பாவைப் பெற்ற ஆத்தா, அவர் உள்ளே போன இரண்டாம் வருடம் இறந்துபோனாள். சொன்னால் தாங்க மாட்டார் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஏழு மாதம், ஒவ்வொரு கடிதத்திலும் 'ஆத்தா சுகம்' என்று என் கையாலேயே எழுதினேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏதோ வழக்கில் உள்ளே போனார். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, துக்கம் கேட்கிற மாதிரி அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நாலு மாதம் அப்பாவிடமிருந்து கடிதமே வரவில்லை. பார்க்கப் போனால் வெளியே வரவில்லை, உங்கள் தம்பியைப் போலத்தான். பிறகு வந்த கடிதத்தில் ஆத்தாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, உள்ளதை எழுது' என்று இருந்தது. ஆத்தா சாவை மறைத்தவன் கிணற்றைப் பற்றியும் பொய் சொல்வான் என்று நினைத்திருக்கிறார். நான் முழக்கயிறு கட்டி அளந்து எழுதினேன்.

கவலைப்படுவான் என்கிறீர்கள். படட்டும். அப்பாவுக்காகக் கவலைப்படுவது மகனின் உரிமை, எந்த கோர்ட்டும் அதை அவனிடமிருந்து எடுக்கவில்லை. நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள்?

அப்பா 1976-ல் வந்தார். யாரோடும் பேசவில்லை. நேராகக் கட்டுத்தறிக்குப் போய் "வெள்ளச்சி" என்று கூப்பிட்டார். அது கன்று இல்லை, அதற்குள் ஒரு ஈற்று கண்டிருந்தது. அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் சொல்வதை அவள் சொல்கிறபடியே. வழக்கைப் பற்றி அதில் ஒன்றும் வேண்டாம், கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். முதலில் ஸ்டென்ட். என்றைக்கு வைத்தார்கள், இப்போது அப்பா எவ்வளவு தூரம் நடக்கிறார், எல்லாம். போனை கட் பண்ணியதையும் எழுதுங்கள், காரணத்தோடு. மீதி இடம் முழுக்கப் புறா. எத்தனை இருக்கின்றன, எது முட்டை வைத்திருக்கிறது, எது திரும்பி வரவில்லை. எத்தனை என்று நீங்கள் எனக்கும் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் எண்ணச் சொல்லி, முதலில் அவனுக்கு எழுதுங்கள்.

அன்புடன்.