பஸ்ரா வேலை: கோட்டையூர்த் தம்பிக்கு

தம்பி, இராக்கில் பஸ்ரா பக்கம் முகாம் சமையல் வேலை வந்திருக்கிறது, அம்மா போகவிடவில்லை, அங்கே அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தேவகோட்டைக்காரன், அங்கே மூன்று ஆண்டு இருந்தேன்.

துப்பாக்கியைவிட என்னை வாட்டியது வெயில்தான். கோடையில் 50 டிகிரியைத் தொடும். நம் ஊர்க் கத்திரி அதன் முன்னே மார்கழி. மின்சாரம் விட்டுவிட்டு வரும், ஜெனரேட்டர் இரைச்சல்தான் தாலாட்டு. நினைத்தபோது முகாமை விட்டு வெளியே போக முடியாது. சோதனைச் சாவடியில் கைப்பேசியை எடுக்கவே எடுக்காதீர்கள். படம் பிடித்ததாகச் சந்தேகம் வந்தால் அன்று முழுக்க விசாரணைதான். ரமலான் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மக்கள் அன்பானவர்கள். சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீர், அடியில் கரையாத சர்க்கரை. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள்.

சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால், வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசு தரும் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அதற்காக எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால்; இரவு எட்டுக்குக் கூப்பிட்டால் அம்மா தூங்கியிருப்பார். மாவுருண்டை நிறையக் கட்டிக்கொள்ளுங்கள். என்னுடையதை அறைத் தோழர்கள் முதல் வாரமே தீர்த்துவிட்டார்கள்.