எத்தனை வேளை, எத்தனை மணிக்கு: உண்ணும் நேரத்தை அளப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): அக்கா, ஆய்வில் காபியையும் ஒரு வேளையாக எண்ணணுமா?

பதில்: நீ எடுக்கும் வரையறையைப் பொறுத்தது, அம்மா. பலரும் பயன்படுத்துவது இது: குறைந்தது 50 கிலோகலோரி, முந்தைய வேளையிலிருந்து குறைந்தது 15 நிமிட இடைவெளி. பாலும் சர்க்கரையும் தாராளமாக விட்ட காபி உள்ளே வந்துவிடும், கறுப்புக் காபி வராது. வரையறையை மாற்றினால் அதே தரவில் வேளைகளின் எண்ணிக்கையும் மாறும். அதனால் தரவைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடு.

கேள்வி: ஒருநாள் உணவை மட்டும் கேட்டு இரவு உண்ணாதிருந்த நேரத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கேட்கிறீர்கள். ஒருவர் காலை 8 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடித்தார். இடையில் 13 மணி நேரம். 24-இல் கழித்தால் 11. ஆனால் இந்த 11-இல் 8 மணி நேரம் நேற்றைய இரவின் பின்பாதி, 3 மணி நேரம் இன்றைய இரவின் முன்பாதி. அவர் முந்தைய நாள் இரவு 11:30-க்குச் சாப்பிட்டிருந்தால், உண்மையில் வயிறு காலியாக விடப்பட்டது எட்டரை மணி நேரம்தான்! அப்புறம், இரவு 12:30-க்கு ஏதாவது கொறித்தால் அது மறுநாளின் 'முதல் உணவு' ஆகிவிடும். அடுத்தடுத்த இரண்டு நாட்களைக் கேளுங்கள். ஒரு நாளை நள்ளிரவில் வெட்டாமல், எழுந்தது முதல் மறுநாள் எழுவது வரை எனக் கொள்ளுங்கள்.

கேள்வி: கைபேசியில் படம் எடுப்பது மேலா?

பதில்: நேரத்தை அறிய அதுவே மேல், படத்தோடு மணியும் பதிவாகிவிடுகிறது. 2015-இல் கில், பாண்டா என்ற இரு ஆய்வாளர்களும் 156 பேரிடம் இப்படித் திரட்டியபோது, பாதிக்கு மேற்பட்டோர் நாளில் சுமார் 15 மணி நேரம் பரவலாகச் சாப்பிட்டது தெரிந்தது. படம் எடுக்க மறந்த வேளை மட்டும் மறைந்தே போகும்.

கேள்வி: குறைந்த வேளை சாப்பிடுபவர் எடை கூடுவாரா?

பதில்: ஆட்கள் தாங்களே சொன்னதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைத்துச் சொல்பவர்கள் நொறுக்குத்தீனியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், அதனால் வேளைகள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

கேள்வி (செவிலியர்): நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கு 'இரவு' எது?

பதில்: நல்ல கேள்வி, சிஸ்டர். உங்கள் நீண்ட தூக்கத்தைச் சுற்றித்தான் கணக்கிட வேண்டும். 2017-இல் 110 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், உடல் கொழுப்போடு தொடர்பு காட்டியது கடிகார மணி இல்லை. மெலடோனின் (இரவில் உடலைத் தூக்கத்துக்குத் தயாராக்கும் ஹார்மோன்) சுரக்கத் தொடங்கும் நேரத்துக்கு எவ்வளவு நெருக்கத்தில் சாப்பிட்டார்கள் என்பதுதான். மெலடோனினை எல்லாராலும் அளக்க முடியாது, சரி. படுத்த மணியையும் எழுந்த மணியையுமாவது உணவுக் குறிப்போடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.