குட்டி டிஸ்பிளேயும் கணினியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. கையில் ஒரு சின்ன டிஸ்பிளே இருக்கிறது, அதைக் கணினியோடு எப்படிப் பேசவைப்பது? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பதிலுக்குப் போகுமுன் ஒன்று: திரையில் எதுவும் வரவில்லை என்றால் உடனே புரோகிராமைத் திருத்த உட்காராதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள். ஒயர், மின்னழுத்தம், முகவரி இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி.

ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டில் 16க்கு 2 (வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி) எல்சிடி மாட்டினேன். மேல் வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் தெரிகின்றன, எழுத்து வரவே இல்லை. டிஸ்பிளே போய்விட்டதா? (ஈரோடு)

போகவில்லை. சொல்லப்போனால் நல்ல அறிகுறி. மின்சாரம் வருகிறது, கான்ட்ராஸ்ட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த எல்சிடிகளில் இருப்பது ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப், அல்லது அதைப் பார்த்துச் செய்த ஒன்று. மின்சாரம் வந்தவுடன் அது ஒற்றை வரி நிலையில்தான் விழிக்கும். 'உனக்கு இரண்டு வரி, நான்கு பிட் பழக்கம்' என்று ஆர்டுயினோ சொன்ன பிறகுதான் கட்டங்கள் மறையும். அந்தப் பேச்சு உங்கள் டிஸ்பிளேயின் காதில் விழவில்லை.

ஏன் விழவில்லை? முதலில் பின் வரிசையை எண்ணுங்கள். 4வது பின் ஆர்எஸ், 5வது ஆர்டபிள்யூ, 6வது இ, 11 முதல் 14 வரை நான்கு பிட் முறைக்கான டேட்டா. ஆர்டபிள்யூவை கிரவுண்டில் கட்டாமல் தொங்கவிடுவது வழக்கமான தவறு. அப்புறம் ஸ்கெட்ச்சின் (ஆர்டுயினோவில் ஏற்றும் புரோகிராம்) முதல் வரிகளில் கொடுத்த பின் எண்களும் நீங்கள் மாட்டிய ஒயர்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஹெடரைப் பாருங்கள். 16 பின் ஹெடரை ஓட்டைகளில் சொருகிவிட்டு, சால்டர் செய்யாமலே 'விரலால் அழுத்தினால் வேலை செய்கிறது' என்று எழுதுபவர்கள் உண்டு. அழுத்தினால் வேலை செய்யும், விட்டால் போய்விடும். சால்டர் செய்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: நீல வெளிச்சம் மட்டும் வருகிறது, கட்டம்கூட இல்லை. அது 3வது பின், கான்ட்ராஸ்ட்டுக்கானது. அங்கே ஒரு 10கே பிரீசெட் (திருப்பி மின்தடையை மாற்றும் குட்டிப் பாகம்) போட்டு மெல்லத் திருப்புங்கள். 5 வோல்ட் எல்சிடியில் அந்தப் பின்னில் அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள் வரும்போது எழுத்து தெளியும். 5 வோல்ட் எல்சிடிக்கு 3.3 வோல்ட் கொடுத்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் தெரியாது.

பழைய புத்தகம் ஒன்றில் எல்சிடியை நேராகக் கணினியின் பிரிண்டர் போர்ட்டில் இணைக்கும் படம் இருக்கிறது. என் லேப்டாப்பில் அந்தப் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் வாங்கினேன். எதுவும் நடக்கவில்லை. (திண்டுக்கல்)

நடக்காது. அந்தக் கேபிள் வேறு ஜாதி.

பழைய 25 பின் பேரலல் போர்ட்டின் அழகே, அதன் ஒவ்வொரு பின்னையும் புரோகிராம் நேரடியாக ஏற்றி இறக்க முடியும் என்பதுதான். 2 முதல் 9 வரை எட்டு டேட்டா பின்கள், 1, 14, 16, 17 கட்டுப்பாட்டுப் பின்கள். எச்டி44780க்கு வேண்டியது அதிகபட்சம் எட்டு டேட்டாவும் ஓரிரு கட்டுப்பாட்டு ஒயரும் மட்டுமே. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. லினக்ஸில் எல்சிடிபிராக், விண்டோஸில் எல்சிடி ஸ்மார்ட்டி போன்ற மென்பொருள்கள் பிரபலமானதும் அப்படித்தான். பிராசசர் சூடு, பாட்டின் பெயர், மீதமுள்ள மெமரி எல்லாவற்றையும் கேபினெட்டின் முகப்பில் ஓடவிடுவார்கள்.

யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் தன்னைக் கணினியிடம் பிரிண்டர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். 'இந்த பைட்டுகளை அச்சிடு' என்றால் வாங்கிக்கொண்டு, பிரிண்டர் தயாரா என்று எதிர்முனையைக் கேட்கும். 'ஏழாவது பின்னை ஏற்று' என்றால் அதற்குப் புரியாது. அதனால் அந்தப் பழைய மின்சுற்றை மறந்துவிடுங்கள். ஊனோவின் சின்னத் தம்பியான ஆர்டுயினோ நானோ போர்டு ஒன்றை நடுவில் வையுங்கள். கணினி யுஎஸ்பி வழியாக எழுத்துகளை அனுப்பட்டும், எல்சிடியின் நெளிவுசுளிவுகளை நானோ பார்த்துக்கொள்ளட்டும். மேட்ரிக்ஸ் ஆர்பிட்டல் நிறுவன டிஸ்பிளேயின் கட்டளைகளைப் புரிந்துகொள்வது மாதிரி நானோவில் ஸ்கெட்ச் எழுதிவிட்டால் எல்சிடி ஸ்மார்ட்டியை இன்றும் பயன்படுத்தலாம்.

எல்சிடியின் முதுகில் நான்கு பின் ஐ2சி (இரண்டே ஒயரில் டேட்டா அனுப்பும் முறை) போர்டு இருக்கிறது. ஸ்கெட்ச் ஏறுகிறது, திரை மட்டும் அசையவில்லை. (நாகர்கோவில், வேலூர், யாழ்ப்பாணம்)

முகவரி. அந்தக் குட்டிப் போர்டில் பிசிஎஃப்8574 சிப் இருந்தால் முகவரி பொதுவாக ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 27, பிசிஎஃப்8574ஏ இருந்தால் ஹெக்ஸ் 3எஃப். இரண்டு போர்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆர்டுயினோவில் ஐ2சி ஸ்கேனர் ஸ்கெட்ச்சை ஓட்டினால் சீரியல் மானிட்டரில் உண்மை வந்துவிடும். ஸ்கேனரே எதையும் காட்டவில்லையா? எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) ஒயர்களை மாற்றிப் பாருங்கள். முகவரி சரியாக இருந்தும் எழுத்து இல்லை என்றால், அந்தப் போர்டிலேயே ஒரு நீலப் பிரீசெட் இருக்கும், அதைத் திருப்புங்கள்.

ஓலெட் (தானே ஒளிரும் புள்ளிகளால் ஆன திரை) வைத்திருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம். பின்பக்கம் 78 என்று அச்சிட்டிருக்கும், ஸ்கேனர் 3சி என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான். படிக்கவா எழுதவா என்று சொல்லும் கடைசி பிட்டையும் சேர்த்து எண்ணினால் 78, விட்டுவிட்டால் 3சி. ஸ்கெட்ச்சில் 3சியைப் போடுங்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மாட்டுபவர்கள் கவனிக்கவும்: பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எல்சிடி போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால், அதிலுள்ள புல்அப் ரெசிஸ்டர்கள் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். நடுவில் லெவல் ஷிஃப்டர் (மின்னழுத்தத்தை மாற்றிக்கொடுக்கும் போர்டு) கட்டாயம்.

பைத்தானிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் டிஸ்பிளே அணைந்து, முதலிலிருந்து தொடங்குகிறது. (மதுரை)

ஒவ்வொரு முறையும் சீரியல் போர்ட்டைத் திறந்து மூடுகிறீர்கள், இல்லையா? போர்ட் திறக்கும்போது கணினி டிடிஆர் என்ற கோட்டை அசைக்கும். ஊனோவும் நானோவும் அதை ரீசெட் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கெட்ச் ஏற்றும்போது பட்டனை அழுத்தாமல் இருப்பதற்காகச் செய்த வசதி அது. புரோகிராமை ஒரே லூப்பாக எழுதி, போர்ட்டை ஒருமுறை திறந்து, இரண்டு விநாடி காத்திருந்து, அதற்குப் பிறகு அனுப்பிக்கொண்டே இருங்கள். 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டரை ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போடுவது குறுக்குவழி. பிளஸ் கால் ரீசெட் பக்கம். ஆனால் அடுத்த ஸ்கெட்ச் ஏற்றும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டு, போர்டு போய்விட்டது என்று எனக்கே எழுதுவீர்கள்.

எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே ஓலெட்டை நேராக மாட்டலாம் என்கிறார்களே, உண்மையா? (கோயம்புத்தூர்)

உண்மைதான். மானிட்டரின் பெயரையும் அது தாங்கும் ரெசல்யூஷனையும் கணினி கேட்டறிய எச்டிஎம்ஐக்குள் ஒரு ஐ2சி பாதை இருக்கிறது. 15வது பின் எஸ்சிஎல், 16 எஸ்டிஏ, 17 கிரவுண்டு, 18 ஐந்து வோல்ட். அந்த 5 வோல்ட்டில் குறைந்தது 55 மில்லிஆம்பியர் கிடைக்க வேண்டும் என்பது விதி. 0.96 அங்குல ஓலெட்டுக்கு அது தாராளம். லினக்ஸில் ஐ2சி டெவ் மாட்யூலை ஏற்றினால் அந்தப் பாதை புரோகிராமுக்குத் திறந்துவிடும். படம் காட்டும் ஒயர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

செய்யலாமா என்று கேட்டால், நான் செய்ய மாட்டேன், அதுவும் லேப்டாப்பில். அந்தக் கோடுகள் 5 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டிருக்கும், ஓலெட்டின் சிப்போ 3.3 வோல்ட்டுக்கானது. தவறி ஒரு ஜம்பர் ஒயர் பக்கத்துப் பின்னில் பட்டால் போவது மதர்போர்டு. நானோ போனால் சில நூறு ரூபாய். நடுவில் நானோ மாதிரி மைக்ரோகன்ட்ரோலரே வேண்டாம் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், எம்சிபி2221ஏ அல்லது எஃப்டி232எச் சிப் உள்ள யுஎஸ்பி-ஐ2சி போர்டு வாங்குங்கள். பைத்தானிலிருந்தே ஓலெட்டை ஓட்டலாம்.

தமிழில் 'வணக்கம்' வர வேண்டும். எல்சிடியில் ஏதேதோ ஜப்பானிய எழுத்து வருகிறது! (பல ஊர்கள்)

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

எச்டி44780க்குள் எழுத்துருவங்கள் முன்கூட்டியே செதுக்கப்பட்டிருக்கின்றன. நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் வகையில் ஆங்கிலமும் ஜப்பானியக் கட்டகானாவும் இருக்கும். தமிழ் கிடையாது. யூனிகோட் எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். 'வ' என்பது ஹெக்ஸில் இ0, ஏஇ, பி5. எல்சிடி அவற்றைத் தனித்தனி எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். இ0 அதன் அட்டவணையில் கிரேக்க ஆல்ஃபா, ஏஇ கட்டகானாவின் சின்ன 'யோ', பி5 கட்டகானா 'ஓ'. நீங்கள் ஒரு 'வ' அனுப்பினால் அது மூன்று எழுத்து காட்டுகிறது. தன் அட்டவணைப்படி அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

சொந்தமாக எட்டு எழுத்து வரைந்துகொள்ள அந்தச் சிப் இடம் தரும். ஒவ்வொன்றும் 5க்கு 8 புள்ளி. 'ட', 'ப', 'ம' அடங்கிவிடும். 'ண' அடங்காது. இரண்டு கட்டங்களை ஒட்டி வரையலாம், ஆனால் கட்டங்களுக்கு இடையே ஒரு கண்ணாடி இடைவெளி இருப்பதால் சுழியின் நடுவே வெள்ளைக் கோடு விழும். ஒரு கடிகாரத்தில் கிழமைப் பெயர் காட்ட வேண்டுமானால் சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தமிழுக்கு ஓலெட்தான் சரி. அதிலும் ஆர்டுயினோவைத் தமிழ் எழுதவைக்க முயலாதீர்கள். யூ8ஜி2 போன்ற லைப்ரரிகள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைக்கும். 'கெ'யில் யூனிகோட்படி ககரம் முதலில், கொம்பு பிறகு. வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு எஞ்சின் வேண்டும், 2 கிலோபைட் ரேமில் அது நடக்காது. கணினியில்தான் அது ஏற்கெனவே இருக்கிறதே! படம் வரையும் பைத்தானின் பில்லோ லைப்ரரியில், ராக்ம் (ஹார்ஃப்பஸைக் கொண்டு எழுத்துகளை வரிசைப்படுத்தும் துணை லைப்ரரி) இணைந்திருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். அது இல்லாவிட்டால் பில்லோவும் கொம்பைப் பின்னால்தான் போடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 128க்கு 64 அளவுள்ள கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றை வரையுங்கள். அதை 1024 பைட்டாக அப்படியே அனுப்பிவிடுங்கள்.

இதில் தடுக்கிவிழும் இடங்கள் இரண்டு. பில்லோ எட்டுப் புள்ளிகளைக் கிடைமட்டமாக ஒரு பைட்டில் அடுக்கும், ஓலெட்டிலுள்ள எஸ்எஸ்டி1306 சிப்போ செங்குத்தாக அடுக்கியதைத்தான் எதிர்பார்க்கும். மாற்றாமல் அனுப்பினால் திரையில் தூறல் போட்ட மாதிரிப் புள்ளிகள் சிதறும். இன்னொன்று, ஊனோவின் சீரியல் பஃபர் 64 பைட்தான். வரவர எடுத்துப் படத்துக்கான இடத்தில் சேர்க்காவிட்டால் பாதிப் படம் காணாமல் போகும். 115200 வேகத்தில் ஒரு படம் போய்ச்சேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எழுத்துக்கு இது போதும். அளவை மட்டும் 16 புள்ளிக்குக் கீழே இறக்காதீர்கள். 'ண', 'ன' வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

2.4 அங்குல டிஎஃப்டி வண்ணத் திரையை யுஎஸ்பியில் இரண்டாவது மானிட்டராக ஆக்க முடியுமா? (தஞ்சாவூர்)

நானோ வழியாகவா? கணக்குப் போடுங்கள். 320க்கு 240, புள்ளிக்கு இரண்டு பைட், மொத்தம் 1,53,600 பைட். 115200 வேகத்தில் விநாடிக்கு 11,520 பைட்தான் போகும். ஒரே ஒரு காட்சி மாற 13 விநாடிக்கு மேல். அதே திரையை ராஸ்பெர்ரி பையில் எஸ்பிஐ என்ற வேகமான டேட்டா பாதை வழியாக 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் விநாடிக்கு 30 காட்சி வரை எட்டலாம். வீடியோ வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போங்கள், இல்லையென்றால் எச்டிஎம்ஐ உள்ள சின்ன மானிட்டரே வாங்குங்கள்.

உடைந்த கைபேசியின் திரையை எடுத்து இணைக்கலாமா? (திருச்சி)

வேண்டாம். கைபேசித் திரைகளுக்கான எம்ஐபிஐ அதிவேக இணைப்பு, தலைமுடி அகலத்தில் பின்கள், டேட்டாஷீட்டும் கிடைக்காது.

உபுண்டு 22.04இல் நானோவைச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடுகிறது. (சென்னை)

உங்கள் நானோவில் இருப்பது யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அதைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர் என்றால் அந்தப் பொதியை நீக்கிவிடுங்கள். அப்புறமும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் உங்கள் பயனர் பெயரைச் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். எந்தக் கணினியிலும் போர்ட் தோன்றவே இல்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் டேட்டா ஒயரே இருக்காது.

ஓலெட்டில் கடிகாரம் நாள் முழுக்க ஓடுகிறது. இப்போது எண்களின் நிழல் தெரிகிறது. (புதுச்சேரி)

அது தேய்மானம், திரும்ப வராது. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, அதிகம் எரிந்தது சீக்கிரம் மங்கும். புதியது வாங்கினால் ஒளியைக் குறைத்து வையுங்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்களை இரண்டு மூன்று புள்ளி நகர்த்துங்கள், இரவில் அணைத்துவிடுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் எரியத்தான் வேண்டும் என்றால் பழைய 16க்கு 2 எல்சிடியே நல்லது.