எடுத்ததைத் திருப்பிக் கொடு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக மாலை வகுப்பில் சீன மொழி படிக்கிறேன். உச்சரிப்புப் பழகுவதற்காக எங்கள் ஆசிரியை ஒரு பாட்டைப் போட்டுக்காட்டினார். ஹுவார் என்ற பெய்ஜிங் குழு பாடிய ‘ஷி ஷுவா ஷுவா’. கேட்ட அன்றிலிருந்து அது என் வாயை விட்டு இறங்கவில்லை. போன மாதம் என் தம்பி ஒரு ஜப்பானியப் பாட்டை அனுப்பி, “இதைக் கேட்டுவிட்டு அதைக் கேள்” என்றான். அதே மெட்டு. ஏமாற்றப்பட்டது போல இருந்தது. தேடிப் படித்தால் இவர்கள் ஒரு காலத்தில் பங்க் என்ற முரட்டு ராக் இசை பாடிய குழுவாம். பங்க் என்றால் பொய்யில்லாமல் இருப்பது என்று நீங்களே ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள்? இவர்களை இனிக் கேட்கலாமா?

க., கோவை

அன்புள்ள க.,

அப்படி எழுதியது நான்தான். கொஞ்சம் வீராப்பாக எழுதிவிட்டேன். பங்க் பாடியவர்களிலும் பொய் சொன்னவர்கள் தாராளமாக இருந்திருக்கிறார்கள். போகட்டும். உங்கள் தம்பி செய்த காரியம் சரியானது. அவர் செய்ததைத்தான் 2006-இல் சீன இணையத்தில் ரசிகர்கள் செய்தார்கள். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டார்கள். ஜப்பானின் பஃபி என்ற இரு பெண்கள் குழு பாடிய ‘கே டூ ஜி’ முதலில், ‘ஷி ஷுவா ஷுவா’ அடுத்து. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. பஃபியை உங்களுக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கலாம். 2004-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ‘ஹை ஹை பஃபி ஆமியுமி’ என்று ஒரு தொடர் வந்ததே, அந்தப் பெண்கள்தான்.

ஆனால் நீங்கள் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

1999-இல் ஹுவாரின் முதல் தொகுப்பு வந்தபோது பாடகர் டா ஜாங்வெய்க்குப் பதினைந்து வயது. கிதாரும் அவரே. பேஸ் கிதார் குவோ யாங், டிரம்ஸ் வாங் வென்போ. மூவரும் பிள்ளைகள். பாடகரின் இயற்பெயர் வெறும் ஜாங் வெய். சீனாவில் அது தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர். ‘டா’ என்றால் பெரிய. நம் ஊரில் ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் ஒருவன் பெரிய முருகன் ஆகிவிடுவான் அல்லவா, அந்த மாதிரி ஒலிக்கும் பெயர். குழுவின் பெயருக்குப் பொருள் பூக்கள். பெய்ஜிங்காரர்கள் சொல்லின் வாலில் நாக்கைச் சுருட்டி ஒரு ‘ர்’ சேர்ப்பார்கள். உங்கள் ஆசிரியை அதற்காகத்தான் இந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தொகுப்பின் பெயர் ‘மகிழ்ச்சியின் பக்கத்தில்’. நியூ பீஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. அதில் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடுவதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். புரட்சி இல்லை, சாபம் இல்லை. மூன்று சுரக்கூட்டு, வேகமான டிரம்ஸ், பையை முதுகில் எறிந்துகொண்டு வாசலைத் தாண்டும் ஒரு பையன். ஜாங்வெய் சிறு வயதில் வானொலியின் சிறுவர் பாடகர் குழுவில் பாடியவர். பயிற்சி பெற்ற குரல் அப்போதுதான் உடைந்திருக்கிறது. மேல் சுரத்துக்குப் போகும்போது பழைய ஞாபகத்தில் எளிதாக ஏறிவிடுகிறது, இறங்கும்போது கரகரக்கிறது. ‘அசைவின்மை’ என்று பொருள்படும் ‘ஜிங்ஜி’ என்ற மெதுவான பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அந்தக் குரல் அவருக்கு அதன் பிறகு கிடைக்கவில்லை. யாருக்குமே ஒரு முறைதான் கிடைக்கும்.

இந்தப் பிள்ளைகள் இந்த இசையை எங்கே கற்றார்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளில் மேற்கு நாடுகளின் இசை நிறுவனங்கள் விற்காமல் தேங்கிய கேசட்டுகளையும் குறுந்தகடுகளையும் பிளாஸ்டிக் கழிவாகச் சீனாவுக்கு ஏற்றிவிட்டன. மறுபடி விற்பனைக்கு வந்துவிடக் கூடாதென்று விளிம்பில் ரம்பத்தால் ஒரு வெட்டு. உருக்கப்பட வேண்டிய சரக்கு தெற்குத் துறைமுகங்களில் இறங்கி, மூட்டை மூட்டையாகக் கைமாறி, பெய்ஜிங் நடைபாதைகளுக்கு வந்து சேர்ந்தது. ‘டாகோ’ என்று பெயர். வெட்டுவாய் என்று சொல்லலாம்.

என்னிடம் அப்படி ஒரு தட்டு இருக்கிறது. நண்பர் ஒருவர் பெய்ஜிங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. உறையின் ஓரத்தில் தொடங்கும் வெட்டு தட்டுக்குள் ஒரு நகத்தின் ஆழத்துக்குப் போகிறது. விரலால் தடவினால் சொரசொரக்கும். குறுந்தகடு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது என்பதால் முதல் பத்துப் பாட்டும் பழுதில்லாமல் ஓடுகின்றன. பதினொன்றாவது நடுவில் திக்குகிறது. பன்னிரண்டாவது இல்லை. கேசட் என்றால் இன்னும் மோசம். வெட்டில் நாடாவே அறுந்திருக்கும். திருகாணியைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒட்டுநாடா வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் பாட்டு ஒரு நொடி விழுங்கிக்கொள்ளும்.

ஒரு தலைமுறை முழுக்க இப்படித்தான் ராக் கேட்டது. உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. எது புகழ்பெற்ற குழு, எது ஊர் பேர் தெரியாத குழு என்று சொல்ல ஆள் இல்லை. மூட்டையில் எது வந்ததோ அது. கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, கிதாரில் விரலை அதே இடத்தில் வைத்துப் பழகினார்கள். இதை நகல் என்று இழிவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. குருவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்பவனும் நகல்தான் எடுக்கிறான். இவர்களுக்கு வாய்த்த குரு விளிம்பு வெட்டப்பட்ட ஒரு தட்டு. முதல் தொகுப்பைக் கேட்கும் எவருக்கும் அமெரிக்காவின் கிரீன் டே என்ற பங்க் குழு நினைவுக்கு வரும். வரட்டுமே. பள்ளி வாசலைத் தாண்டும் பையன் அவர்களுடைய சொந்தப் பையன்.

அதே ஆண்டுகளில் பெய்ஜிங்கின் பல்கலைக்கழகப் பகுதியான வூடாவ்கோவில் ஸ்க்ரீம் கிளப் என்ற சின்ன இடத்தில் இன்னொரு கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. பிரெய்ன் ஃபெயிலியர், ரிஃப்ளெக்டர் முதலான நான்கு குழுக்கள் சேர்ந்து ‘சலிப்புப் படை’ என்ற பெயரில் 1999-இல் ஓர் இரட்டைத் தொகுப்பு வெளியிட்டன. தலைமுடியை ஊசி ஊசியாக நிறுத்தியவர்கள், உண்மையான பங்க் நாங்கள்தான் என்று மார்தட்டியவர்கள். இப்போது கேட்டால் பாதிப் பாட்டில் கோபத்தைவிடக் கொண்டாட்டம்தான் கேட்கிறது. யார் அசல், யார் போலி என்ற சண்டையில் எனக்கு அப்போதும் ஈடுபாடு இல்லை.

2004-இல் ஹுவார் இ.எம்.ஐ. என்ற பெரிய இசை நிறுவனத்துக்கு வந்தார்கள். மெருகு ஏறியது. கிதார் பின்னுக்குப் போய்க் கைதட்டலும் கோஷமும் முன்னுக்கு வந்தன. இதைத்தான் பலர் வீழ்ச்சி என்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். பதினைந்து வயதில் பாடியதை இருபத்தொன்றிலும் பாடு என்று ஒருவனிடம் கேட்பது கொடுமை. துள்ளல் பாட்டு எழுதுவது குற்றமா என்ன?

2005-இல் வந்த தொகுப்பில் இருப்பதுதான் உங்கள் பாட்டு. இப்போது அதன் சொற்களைக் கொஞ்சம் பாருங்கள். ‘ஷுவா ஷுவா’ என்பது தேய்த்துக் கழுவும் ஓசை. ‘ஷி’ என்ற ஒலிக்குக் ‘கழுவு’ என்றும் ஓர் எழுத்து உண்டு, ‘ஹிஹி’ என்ற சிரிப்புக்கும் ஓர் எழுத்து உண்டு. தொனி மட்டும் வேறு. இவர்கள் தலைப்பில் போட்டது சிரிப்பை. நீங்கள் சீனம் படிப்பவர், ரசிப்பீர்கள்.

பல்லவியில் அவர் என்ன கேட்கிறார்? என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடு, தின்றதைக் கக்கு, திருடியதை ஒப்படை என்கிறார். சுட்ட மெட்டில் உட்கார்ந்துகொண்டு!

முதல்முறை இதைக் கவனித்தபோது நான் சிரித்துவிட்டேன். இரண்டாம் முறை கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. ‘எடுத்ததைத் திருப்பிக் கொடு, தின்றதைக் கக்கு’ என்ற அந்தப் பேச்சும் அவர்களுடையது அல்ல. 1974-இல் வந்த ‘மின்னும் செந்தாரகை’ என்ற படத்தில் ஹு ஹான்சான் என்று ஒரு நிலச்சுவான்தார் வில்லன் வருகிறான். விரட்டப்பட்டு, ஊருக்குத் திரும்பி வந்து, குடியானவர்களைக் கூட்டி வைத்து மிரட்டும் காட்சியில் அவன் பேசுவது அது. சீனாவில் ஒரு தலைமுறைக்கு அந்த வசனம் மனப்பாடம். ஹுவார் அதை எடுத்தார்கள். எடுத்ததோடு நிற்காமல், அந்தப் படத்தில் பதிவானது இப்போது நம் பேச்சாகிவிட்டது என்று பாட்டுக்குள்ளேயே படத்தின் பெயரையும் சொல்கிறார்கள்.

அதாவது ஒரே பாட்டில் இரண்டு கடன். வசனத்தை வாங்கிய இடத்தைப் பாடியே காட்டினார்கள். மெட்டை வாங்கிய இடத்தை மறைத்தார்கள். முதல் கடன் விளையாட்டு. வில்லனின் அதட்டலை ஒரு காதலனின் புலம்பலாக மாற்றியது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம், கேட்பவனும் சேர்ந்து சிரிக்கிறான். இரண்டாவது கடனில் கேட்பவனுக்குப் பங்கு இல்லை. அவன் தன் தம்பி மூலம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்களுக்கு வந்த கோபம் மெட்டுக்காக அல்ல, இதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. தொண்ணூறுகளின் நடைபாதையில் இருந்தது இதுவல்ல. அங்கே எல்லோருக்கும் எல்லாமும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். வெட்டே சாட்சியாக விளிம்பில் இருந்தது.

2006-க்குப் பிறகும் அவர்கள் தொகுப்புகள் வெளியிட்டார்கள். 2009-இல் குழு கலைந்தது. ஜாங்வெய் தனியாகப் பாடினார். 2014 வசந்தவிழா நிகழ்ச்சியில், நாடே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் அந்தத் தொலைக்காட்சி மேடையில், ‘பெய்ர் ஷுவாங்’ என்ற ஆட்டப் பாட்டைப் பாடினார். பூங்காக்களில் மாலை நேரம் கூடி ஆடும் ஓய்வுபெற்ற பெண்மணிகளுக்கு அது பிடித்துப்போனது. பிறகு தொலைக்காட்சியில் வேடிக்கை நிகழ்ச்சிகள். பேச்சில் மனிதர் சூரர்.

அதே காலத்தில் கிளம்பிய நியூ பேன்ட்ஸ் குழு, 1998-இல் பங்க் தொகுப்போடு வந்து, நடுவில் டிஸ்கோவுக்குப் போய், 2019-இல் ஐச்சியி என்ற இணையக் காணொளித் தளம் நடத்திய குழுக்களுக்கான போட்டியில் முதலிடம் பெற்றது. ரிஃப்ளெக்டரும் அந்த மேடையில் நரைக்கத் தொடங்கும் வயதில் வந்து நின்றார்கள். யார் எங்கே போய்ச் சேர்வார்கள் என்று 1999-இல் யாராவது பந்தயம் கட்டியிருந்தால் எல்லோரும் தோற்றிருப்பார்கள்.

கேட்கலாமா என்றீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ‘கே டூ ஜி’யை முதலில் கேளுங்கள், அது இன்னும் நல்ல பாட்டு. பிறகு முதல் தொகுப்புக்குப் போய் ‘ஜிங்ஜி’யிலிருந்து தொடங்குங்கள். ‘ஷி ஷுவா ஷுவா’ வாயை விட்டு இறங்கவில்லை என்றால் இருக்கட்டும், எனக்கும் இறங்கவில்லை. அடுத்த வகுப்பில் உங்கள் ஆசிரியையிடம் ஹு ஹான்சான் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் எழுந்து நின்று அந்த வில்லனின் குரலிலேயே பேசிக்காட்டுவார். அவர் தொனியைக் கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்