சீமைக்குப் போன சொல்

கேள்வி: முதல் உலகப் போரைப் பற்றிய ஆங்கில நாவல் ஒன்றில் சிப்பாய்கள் ‘ப்ளைட்டி’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஓரிடத்தில் இங்கிலாந்து என்று பொருள் வருகிறது, இன்னோரிடத்தில் காயம் என்று வருகிறது. எது சரி? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. அது இந்தியாவிலிருந்து கப்பலேறிய சொல்.

அரபியில் ‘விலாயத்’ என்றால் ஆட்சி, ஆட்சிக்கு உட்பட்ட நிலம். உருதுவில் அது அயல்நாட்டையும், பிறகு இங்கிலாந்தையும் குறித்தது. அங்கிருந்து வந்த எதுவும் ‘விலாயதி’. பேச்சு வழக்கில் ‘பிலாயதி’. நம் ‘சீமை’யும் இதே வேலையைத்தான் செய்கிறது. வடக்கே ‘விலாயதி பபூல்’ என்பது நம் சீமைக்கருவேலம். என் பாட்டிக்கு மண்ணெண்ணெய் கடைசிவரை சீமையெண்ணெய்தான். பொழுது சாய்ந்ததும் தகரப் புனலை அரிக்கேன் விளக்கின் வாயில் பொருத்தி, “சிந்தாமல் ஊற்றடா, சீமையெண்ணெய்” என்பார். 1886இல் வந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, சோடாவுக்கு ‘பிலாயதி பானி’ என்ற பெயரைத் தருகிறது. சீமைத் தண்ணீர்!

இங்கே பணியாற்றிய வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் அது ‘ப்ளைட்டி’ ஆனது. 1914க்குப் பிறகு பிரான்ஸின் பதுங்கு குழிகளில் கிடந்தவர்களுக்கு அதுவே வீட்டின் பெயர். உயிரைப் பறிக்காமல், ஆனால் இனி சண்டைக்கு ஆகாதென்று ஊருக்கு அனுப்பிவைக்கிற அளவுக்குப் படும் காயமும் ‘ஒரு ப்ளைட்டி’. கையைத் துளைத்துக்கொண்டு குண்டு போனதற்கு ஒருவன் மகிழ்ந்தான் என்றால், அவன் பட்ட பாடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நாவலில் முன்னால் ‘ஒரு’ இருந்தால் காயம், இல்லையென்றால் இங்கிலாந்து.

எனக்கு மனம் கனப்பது வேறோரிடத்தில். அதே பிரான்ஸில் இந்தியச் சிப்பாய்களும் போரிட்டார்கள். காயம்பட்டவர்களில் பலரை, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மருத்துவமனையாக மாற்றப்பட்ட ராயல் பெவிலியன் அரண்மனையில் கிடத்தினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் ஏங்கிய அதே மண், ஆனால் இவர்களுக்கு அது விலாயத், அயலான் தேசம். குணமானவர்களில் பலர் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டார்கள். பிரைட்டனில் இறந்த இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921இல் திறக்கப்பட்ட வெள்ளைப் பளிங்கு மண்டபத்தின் பெயர் ‘சத்ரி’. அதுவும் இங்கிருந்து போன சொல்தான்: குடை என்று பொருள்.