வியாழக்கிழமைக் கச்சேரிக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்ன ‘செல்டம் சீன்’ என்ற அமெரிக்க இசைக்குழுவைக் கேட்டேன். பாஞ்சோ, மாண்டலின் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஜேம்ஸ் டெய்லர், பாப் டிலன் போன்ற வேறு வகைப் பாடகர்களின் பாட்டையும் பாடுகிறார்கள். இது புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி வாத்திய இசைதானா? எந்த ஆல்பத்தில் தொடங்குவது? இவ்வளவு திறமை இருந்தும் வாரம் ஒருநாள் வாசித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். முழுநேரமாக இறங்கியிருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

புளூகிராஸா இல்லையா என்பதை விடுங்கள். பில் மன்றோவே ப்ளூஸையும் பழைய பிடில் மெட்டுகளையும் தேவாலயப் பாட்டையும் கலந்துதான் அதை உண்டாக்கினார். அதற்குப் போய் சுத்தபத்தம் பார்ப்பானேன்?

உங்கள் கடைசி வரிதான் எரிச்சலூட்டியது. சில நாட்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், வசமாக வந்து மாட்டினீர்கள்.

1971இல் வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். கிதார் வாசித்துப் பாடிய ஜான் ஸ்டார்லிங் ராணுவ மருத்துவமனையில் அறுவை மருத்துவர். பாஞ்சோ வாசித்த பென் எல்ட்ரிட்ஜ் கணிதக்காரர். பாஸ் வாசித்த டாம் கிரே நேஷனல் ஜியாகிரபிக்கில் வரைபடம் தயாரித்தவர். டோப்ரோ என்கிற கிதார் வகையை வாசித்த மைக் ஆல்ட்ரிட்ஜ் பத்திரிகையில் ஓவியர். மாண்டலின் வாசித்த ஜான் டஃபி மட்டும் பழைய கை. முந்தைய குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போய், வாத்தியங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். சீட்டாடக் கூடுவதுபோல வாரம் ஒருநாள் கூடுவது, அவ்வளவுதான் திட்டம். பின்னாளில் வாஷிங்டன் பக்கத்து அலெக்ஸாண்டிரியாவில் பர்ச்மியர் என்ற இசையரங்கில் வியாழக்கிழமைதோறும் வாசித்தார்கள்.

உலை அரிசிக்கு யாரும் பாஞ்சோவை நம்பியிருக்கவில்லை. அதனால்தான் பிடித்ததையெல்லாம் பாட முடிந்தது, தம்பி! நீங்கள் வியக்கும் பாட்டுப் பட்டியலும், நீங்கள் வருந்தும் மாதச் சம்பளமும் ஒன்றையொன்று விட்டு இருக்க முடியாது. இது ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

எனக்கொரு நண்பன் இருந்தான். நன்றாகச் சிறுகதை எழுதுவான். முழுநேர எழுத்தாளன் ஆகிறேன் என்று வங்கி வேலையை விட்டான். கொஞ்ச காலத்தில், பத்திரிகை கேட்ட தொடர்கதையைப் பத்திரிகை கேட்ட இடத்தில் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கதாநாயகியை எந்த வாரம் அழவைப்பது என்பதைக்கூட ஆசிரியர்தான் தொலைபேசியில் சொல்வார். வேலையில் இருந்தபோது அவன் எழுதியதை நான் இன்னமும் எடுத்துப் படிக்கிறேன். விட்ட பிறகு எழுதியதை அவனே வைத்துக்கொள்ளவில்லை.

வேலைக்குப் போகிறவன் சோம்பலாக வாசிப்பான் என்று நினைக்கிறீர்களா? ஆல்ட்ரிட்ஜைக் கேளுங்கள். டோப்ரோவைக் கிடைமட்டமாக வைத்து, தந்திமேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். இம்மி பிசகினாலும் சுருதி போய்விடும். அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போய், சரியான இடத்தில் நின்று, அதைத் தேயும்வரை விட்டுவைப்பார். எல்ட்ரிட்ஜோ நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குழுவிலேயே இருந்தார். 1996இல் டஃபி இறந்த பிறகும் குழு கலையவில்லை. ‘எங்கேயோ’ போயிருந்தால் இது நடந்திருக்குமா?

அப்புறம், ஆல்பம். 1975இல் வந்த, செல்லர் டோர் என்ற வாஷிங்டன் இசைக்கூடத்தில் வாசித்த நேரடிப் பதிவில் தொடங்குங்கள். டஃபி நடுநடுவே அடிக்கும் ஜோக்கைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம்.